கலியாணம் ஆச்சா?

இருபது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவள் நான். மனிதர்கள் பேசும் வார்த்தைகளில் எதற்கு எவ்வளவு கனம் என்பது எனக்குத் தெரியும் என்று ஒரு கர்வம் இருந்தது. சென்ற வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், ஒரு டாக்டரின் அறையில், அந்தக் கர்வம் போயிற்று. இரண்டே வார்த்தையில் போயிற்று. "கலியாணம் ஆச்சா?"

இந்தக் கேள்வியை நானே எத்தனை பெண்களிடம் கேட்டிருப்பேன்! ரயிலில் எதிரே உட்கார்ந்தவளிடம், புதிதாகக் குடி வந்தவளிடம், வாசகி என்று சொல்லிக்கொண்டு வீடு தேடி வந்தவளிடமெல்லாம் கேட்டிருக்கிறேன். பேச்சைத் தொடங்குவதற்கு அதைவிட சௌகரியமான வாசல் நம் ஊரில் கிடையாது. அந்த வாசல் சிலருக்கு மட்டும் முகத்தில் சாத்தப்படும் கதவு என்பது எனக்கு 46 வயதில்தான் தெரிந்தது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லுகிறேன்.

என் சித்தி பெண் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். வயது 38. அவளோடு இன்னொருத்தி இருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியை, இரண்டு வயது இளையவள். ஒன்பது வருஷமாக இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. பெயர்கள் வேண்டாம். மூத்தவள், இளையவள் என்று வைத்துக்கொள்ளுவோம். அவசரத்தில் மூத்தாள், இளையாள் என்று படித்துவிடாதீர்கள்; இந்தக் கதையில் புருஷன் கிடையாது.

அவர்கள் இருவரும் தோழிகள் என்றுதான் குடும்பத்தில் பேச்சு. எனக்கு மட்டும் உண்மை தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டு மொட்டை மாடியில் மூத்தவளே சொன்னாள். கணவனும் மனைவியும் எப்படியோ அப்படித்தான் தாங்கள் இருவரும் என்றாள். நான் அதிர்ச்சியைக் காட்டிக்கொள்ளவில்லை. "சரி, என்னோடு இருக்கட்டும். உங்க அம்மா காதிலே போட்டுடாதே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். ரொம்பப் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக அன்றைக்கு எனக்கு ஒரு திருப்தி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி போன் பண்ணினாள். "அக்கா, நாளைக்கு என்னோட டாக்டர்கிட்டே வர முடியுமா?"

"என்னடி உடம்புக்கு?"

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு தணிந்த குரலில் சொன்னாள். மூன்று வருஷமாக அந்தரங்க உறுப்பில் அரிப்பு, எரிச்சல், தயிர்த் திப்பி போல வெள்ளைப்படுதல். வரும், பத்து நாள் பாடாய்ப் படுத்தும், போகும், மறுபடியும் வரும். இளநீர் குடித்தாள், வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டாள், மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டாள். போன மாதத்திலிருந்து இளையவளுக்கும் ஏதோ கோளாறு. ஒரே களிம்பை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படிக்கிற பெண்களில் சிலர் இந்த இடத்தில் பத்திரிகையை மூடிவிட நினைப்பீர்கள். மூடாதீர்கள். நம்மில் நாலு பேரில் மூன்று பேருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது வருகிற தொந்தரவு இது. எனக்கும் வந்திருக்கிறது. 31 வயதில் தொண்டைப் புண்ணுக்குக் கடுமையான மாத்திரை சாப்பிட்டேன். தொண்டை ஆறிய வாரமே இது தொடங்கிற்று. டாக்டரம்மா என் கழுத்தைப் பார்த்தார், தாலி இருந்தது. ஒரு கேள்வியும் கேட்காமல் திரையை இழுத்துவிட்டுப் பரிசோதித்தார், மருந்து எழுதினார், நாலு நாளில் சரியாயிற்று. கூடப் பிறந்த தங்கையிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. சங்கோசம்! பத்துப் பிரசவக் கதைகளை விவரமாகப் பேசுகிற நாம், இதை மட்டும் வாயைத் திறந்து சொல்லமாட்டோம்.

மறுநாள் மூன்று பேருமாகப் போனோம். உள்ளே நுழையும்போதே, "கூட வந்தது யாரு?" என்று கேட்டார் அந்த டாக்டர். நான் அக்கா என்றேன். இளையவள், "சிநேகிதி" என்றாள். "சிநேகிதி வெளியிலே இருக்கட்டும்." அவள் பேசாமல் வெளியே போய் உட்கார்ந்தாள்.

பெயர், வயது கேட்டார். அப்புறம், "கலியாணம் ஆச்சா?"

"இல்லை."

அவ்வளவுதான். அந்த "இல்லை"யோடு எல்லாக் கேள்வியும் தீர்ந்து போயிற்று. டாக்டர் சீட்டில் ஏதோ எழுதினார். திரையை இழுக்கவில்லை, பரிசோதிக்கவில்லை. "உடம்பு உஷ்ணம். உட்கார்ந்தே வேலை பார்க்கிறீங்க இல்லையா? தண்ணி நிறையக் குடிங்க" என்று சொல்லி, அவள் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த அதே களிம்பை எழுதிக் கொடுத்தார். மூன்று வருஷத்தில் அவள் பார்த்த மூன்றாவது டாக்டர் இவர். மூன்று பேரிடமும் இதே கேள்வி, இதே பதில், இதே களிம்பு.

அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. கலியாணமாகாத பெண்ணிடம் மேற்கொண்டு கேட்பது மரியாதை அல்ல என்று அவர் நினைத்திருக்கலாம். நம் ஊரில் "உனக்கு உடல் உறவு உண்டா?" என்று கேட்பதற்குப் பதிலாகத்தான் "கலியாணம் ஆச்சா?" என்று கேட்கிறார்கள். பட்டுத் துணி போட்டு மூடிய கேள்வி. பெரும்பாலோருக்கு அது சரியாகவே பொருந்துகிறது. பொருந்தாதவர்கள் பேசாமல் எழுந்து வந்துவிடுகிறார்கள்.

குறை சொல்ல வேண்டியது என்னை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு உண்மை தெரியும். "டாக்டர், வெளியிலே இருக்கிறவள் வெறும் சிநேகிதி இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூத்தவள் என் முகத்தைத் திரும்பிப் பார்க்கக்கூடச் செய்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் என் வாசகி. உள்ளே போனதுமே என் தொடர்கதையைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லியிருந்தார். அவர் எதிரில் என் குடும்பத்தைப் பற்றி அப்படி ஒரு பேச்சு வேண்டாமே என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் காரணம் அவ்வளவு அற்பமானதுதான்.

திரும்பும்போது ஆட்டோவில் இளையவள்தான் பேசினாள். அவளுக்கு 24 வயதில் கலியாணம் ஆகி மூன்று வருஷம் குடித்தனம் நடந்தது. பிறகு விவாகரத்து. "அவர் நல்ல மனுஷர் அக்கா. பிடிக்காமல் கட்டிக்கலை. அவரையும் பிடிச்சுது, அப்புறம் இவளையும் பிடிச்சுது. என் மனசு அப்படி" என்றாள். இருபாலீர்ப்பு என்று இதற்கு இப்போது தமிழில் வார்த்தை இருக்கிறது. அவள் மேலும் சொன்னாள்: "தாலி இருந்தப்போ டாக்டர்கிட்டே போனா உடம்பைப் பத்தி ஆயிரம் கேள்வி. இப்போ ஒண்ணும் இல்லை. உடம்பு என்னவோ அதே உடம்புதான்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து இளையவள் விசாரித்து விசாரித்து ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே, "நானும் வரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு போனேன்.

இந்த டாக்டரம்மாவும் பெயர், வயது கேட்டார். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்குத் துணைன்னு யாராவது இருக்காங்களா? ஆணா, பெண்ணா?" என்றார். காப்பியா, டீயா என்று கேட்கிற குரலில் கேட்டார். மூத்தவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு, "பெண். வெளியிலே உட்கார்ந்திருக்கா" என்றாள்.

"வெளியிலே ஏன்? உள்ளே வரச் சொல்லுங்க."

பிறகு நடந்ததெல்லாம் அரை மணி நேரத்துக்குள். திரைக்குப் பின்னால் பரிசோதனை. ஒரு சிறு காகிதப் பட்டையை நனைத்து அதன் நிறம் மாறுகிறதா என்று பார்த்தார். பஞ்சுக் குச்சியில் எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். இளையவளுக்கும் அதே பரிசோதனை.

முடிவு என்ன தெரியுமா? இரண்டு பேருக்கும் இரண்டு வேறு நோய்.

மூத்தவளுக்கு வந்திருந்தது கேண்டிடா என்ற பூஞ்சை. இளையவளுக்கு அது இல்லை. பாக்டீரியாக்களின் சமநிலை கெட்டதால் வரும் வேறு கோளாறு. முதலாவதில் அரிப்பு அதிகம், நாற்றம் இராது. இரண்டாவதில் அரிப்பு குறைவு, மீன் கவிச்சி போல நாற்றம் வரும். முதலாவதற்குப் பூஞ்சையைக் கொல்லும் மருந்து வேண்டும். இரண்டாவதற்கு அது ஒன்றும் செய்யாது. இளையவள் ஒரு மாதமாகப் போட்டுக்கொண்ட களிம்பு அத்தனையும் வீண்!

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பெண்ணுறுப்பின் உள்ளே இயற்கையாகவே நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. 1892ஆம் வருஷத்தில் டோடர்லைன் என்ற ஜெர்மன் டாக்டர் இவற்றைப் பற்றி எழுதினார். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களுக்குச் சொந்தக்காரர்கள் இவை; அமிலத்தை உண்டாக்கி அந்த இடத்தைக் காவல் காக்கின்றன. சோப்பையும் கிருமிநாசினியையும் ஊற்றி உள்ளே கழுவுவது காவல்காரனை அடித்து விரட்டுவது போல. இளையவள் தலை குனிந்துகொண்டாள். நாற்றத்துக்குப் பயந்து அவள் தினம் இரண்டு வேளை அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"ஒருத்தர்கிட்டேயிருந்து ஒருத்தருக்கு ஒட்டுமா டாக்டர்?" என்று மூத்தவள் கேட்டாள். அந்தக் கேள்வியை மூன்று வருஷமாக நெஞ்சில் சுமந்திருக்கிறாள் என்பது அவள் கேட்ட விதத்தில் தெரிந்தது.

பூஞ்சைத் தொந்தரவை உடல் உறவால் பரவும் நோய்களின் பட்டியலில் சேர்ப்பதில்லை என்றார் டாக்டரம்மா. யாரோடும் உறவில்லாத பெண்ணுக்கும் வரும், கர்ப்பத்தில் வரும், ஆன்டிபயாட்டிக் மருந்து சாப்பிட்டால் வரும். ஆனாலும் பெண்ணோடு பெண் வாழும்போது, கை வழியாகவோ பகிர்ந்துகொள்ளும் சாதனங்கள் வழியாகவோ ஒருத்தியிடமிருந்து மற்றவளுக்குப் போகவும் கூடும். இளையவளுக்கு வந்த கோளாறு அப்படி வாழும் பெண்களிடம் சற்று அதிகமாகவே காணப்படுகிறது. ஒருத்திக்கு இருந்தால் மற்றவளுக்கும் இருப்பது சகஜம். அதனால் இருவரையும் பார்ப்பதுதான் முறை. மருந்து முடிகிற வரையில் விலகி இருப்பது நல்லது. கையைக் கழுவ வேண்டும், நகத்தை வெட்ட வேண்டும், சாதனம் எதையாவது பகிர்ந்துகொண்டால் ஒவ்வொரு தடவையும் கழுவி உறை மாற்ற வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இதைச் சொல்ல அவருக்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. முகம் சிவக்கவும் இல்லை. சிவந்தது என் முகம்தான்.

பிறகு மூத்தவளைப் பார்த்து, "ரத்தத்திலே சர்க்கரை பார்த்திருக்கீங்களா?" என்றார். பார்த்ததில்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தபோது 212 இருந்தது. 126க்கு மேல் போனாலே நீரிழிவு என்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் இந்தப் பூஞ்சை பல பெண்களுக்குச் சர்க்கரை நோயின் முதல் அறிவிப்பு. உடம்பில் சர்க்கரை மிஞ்சினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மூன்று வருஷமாக உடம்பு கடிதம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. "உஷ்ணம்" என்று சொல்லிப் பிரிக்காமலே வைத்திருந்தோம். கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் இன்னும் பழுது வரவில்லை என்று பிறகு தெரிந்தது. அது அவள் அதிருஷ்டம்.

கடிதம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இந்தப் பூஞ்சைக்கு மருந்து எப்படிக் கிடைத்தது என்று பிறகு தேடிப் படித்தேன். எலிஸபெத் ஹேஸன், ரேச்சல் பிரௌன் என்று அமெரிக்காவில் இரண்டு விஞ்ஞானிகள், இருவரும் பெண்கள். இருவரும் நியூயார்க் மாகாணச் சுகாதார இலாகாவில் வேலை பார்த்தார்கள். ஆனால் ஒருவர் நியூயார்க் நகரத்தில், மற்றவர் சுமார் 150 மைலுக்கு அப்பால் ஆல்பனியில். ஹேஸன் பல இடத்து மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்து, பூஞ்சையை எது கொல்லுகிறது என்று பார்ப்பார். கொன்றதை ஜாடியில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிரௌன் அதிலிருந்து சத்தைப் பிரித்தெடுத்துத் தபாலில் திருப்பி அனுப்புவார். பூஞ்சையைக் கொன்றவற்றில் பல பிராணிகளையும் கொன்றன. கடைசியில் வர்ஜீனியாவில் ஹேஸனின் சிநேகிதர்களுடைய பண்ணை மண்ணில் அகப்பட்டது ஒன்று. 1950இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். நியூயார்க் மாகாணத்தின் பெயரால் அதற்கு நிஸ்டாட்டின் என்று பெயர் வைத்தார்கள். 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் உரிமைப் பணம் வந்தது. அதைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள். இன்றைக்கு வேறு மருந்துகள் பல வந்துவிட்டன. மூத்தவளுக்கு எழுதியதும் வேறுதான். ஆனாலும் முதல் வழி போட்டது அந்த ஜாடிகள். பெண்கள் வெளியே சொல்லக் கூசுகிற ஒரு தொந்தரவுக்கு மருந்து, இரண்டு பெண்களின் தபாலில் பிறந்தது என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

மருந்து வந்துவிட்டது, மனசுதான் மெதுவாக வருகிறது. ஒத்த பாலினத்தார் மனமொப்பி வாழ்வது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கு 2021இல் நம் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த விஷயம் தமக்கு முழுவதும் விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு மனோதத்துவ நிபுணரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதை உத்தரவிலேயே எழுதவும் எழுதினார். அதற்குப் பிறகும் 2024 ஆகஸ்டு கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில், பெண்ணைப் பெண் விரும்புவது "இயற்கைக்கு மாறான குற்றம்" என்ற தலைப்பில் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. கூச்சல் எழுந்ததும் சில நாளில் திரும்பப் பெற்றார்கள். புத்தகத்தில் குற்றம் என்று படித்துவிட்டு வருகிற டாக்டரிடம், எந்தப் பெண் உண்மையைச் சொல்லுவாள்?

நீதிபதி தமக்குத் தெரியாது என்று எழுத்தில் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்திருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வித்தியாசம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அன்றைக்குக் கடைசியாக டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டார். "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை எப்போ பண்ணிக்கிட்டீங்க?"

"அது எங்களுக்குத் தேவையில்லைன்னு சொன்னாங்களே" என்றாள் இளையவள்.

"யார் சொன்னது?" அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமி தோலோடு தோல் உரசினாலே பரவும். பெண்ணோடு மட்டும் வாழ்கிறவளுக்கும் வரலாம். 35 வயதுக்குள் ஒரு தடவை, 45க்குள் மறுபடி ஒரு தடவை நூற்றுக்கு 70 பெண்களுக்காவது பரிசோதனை நடக்கவேண்டும் என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் லட்சியம் வைத்திருக்கிறது என்றார். சொல்லிவிட்டுத் தற்செயலாக என் பக்கம் திரும்பினார். "நீங்க பண்ணிக்கிட்டாச்சா, அம்மா?"

நான் விழித்தேன். கலியாணமாகி 22 வருஷம், இரண்டு பிரசவம், எத்தனையோ டாக்டர்கள். எல்லாக் கதவும் எனக்குத் திறந்துதான் இருந்தது. ஆனால் 46 வயது வரை அந்தப் பரிசோதனையை நான் செய்துகொண்டதில்லை. இவர்களுக்குத் துணையாக வந்தவள் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேனே! அன்றைக்கு மூன்று பேருக்கும் எடுத்தார்கள். மூன்று பேருக்கும் பயமில்லை என்று பிறகு தகவல் வந்தது.

வெளியே வரும்போது நர்ஸ் பெண் மூத்தவளின் அட்டையைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தாள். "அவசரத்துக்கு யாருக்குப் போன் பண்றது?" என்று கேட்டாள். மூத்தவள் இளையவளின் பெயரையும் நம்பரையும் சொன்னாள்.

"உறவு?"

பேனா நின்றது. மூத்தவள் இளையவளைப் பார்த்தாள். சிநேகிதி என்று சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது; ஒன்பது வருஷப் பழக்கம் அது. இந்தத் தடவை நான் சுவரைப் பார்க்கவில்லை.

"துணைன்னு எழுதும்மா" என்றேன்.

அந்தப் பெண் தலை நிமிராமலே எழுதிக்கொண்டாள். "து, ணை" என்று முணுமுணுத்தபடி எழுதி முடித்துவிட்டு, "அடுத்தது யாரு?" என்று கூப்பிட்டாள். அவளுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை.